செட்டிங்ஸைக் குறைப்பதா, அப்ஸ்கேலிங்கா, பிரேம் ஜெனரேஷனா?

சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமில் பிரேம் ரேட் (ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) 60-ஐத் தொடாமல் இழுத்தால், புது கிராபிக்ஸ் கார்டு வாங்காமலே செய்யக்கூடியவை மூன்று: செட்டிங்ஸைக் குறைப்பது, அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது), பிரேம் ஜெனரேஷன் (நடுவே கூடுதல் பிரேம்களை உருவாக்குவது).

முதலில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95-க்கு மேல் என்றால் சுமை கார்டில்தான். 60, 70-லேயே நின்றால் பெரும்பாலும் பிராசசர்தான் திணறுகிறது. அப்போது ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை, கேமில் தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள்.

செட்டிங்ஸைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரேயடியாக 'லோ'வில் தள்ளுவது வீண். ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது), நிழல், வால்யூமெட்ரிக் பனிமூட்டம் (ஒளி ஊடுருவும் கனமான மூட்டம்), இந்த மூன்றில்தான் பெரிய லாபம். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) தொட வேண்டாம்; விரேமில் (கார்டின் சொந்த நினைவகத்தில்) இடம் இருக்கும்வரை அதனால் பிரேம் பெரிதாகக் குறையாது. குறைத்தால் படம் அசிங்கமாவதுதான் மிச்சம்.

அப்ஸ்கேலிங்கில் உங்கள் மானிட்டர்தான் முடிவைச் சொல்லும். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலிங் முறைகள் இரண்டிலும் 'குவாலிட்டி' மோடு வழக்கமாக 1440பி-யில், அதாவது 37 லட்சம் பிக்சலில் வரைந்து பெரிதாக்குகிறது. பாதிக்கும் குறைவான வேலை, கண்ணுக்கு வித்தியாசம் சொற்பம். அதே மோடு 1080பி திரையில் வெறும் 720பி-யில் வரைகிறது. தலைமுடி, கம்பி வேலி எல்லாம் மங்கி மினுமினுக்கும். அதனால் 1080பி-காரர்கள் செட்டிங்ஸில் தொடங்குவதே நல்லது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால் டிஎல்எஸ்எஸ்தான் என் தேர்வு, படம் தெளிவாக நிற்கிறது. இல்லாதவர்களுக்கு எஃப்எஸ்ஆர் 2, 3 எந்த நிறுவனத்தின் கார்டிலும் ஓடும். இன்டெலின் அப்ஸ்கேலிங் முறையான எக்ஸ்இஎஸ்எஸ்ஸும் அப்படித்தான், அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பிரேம் ஜெனரேஷனைத்தான் பலர் தவறான இடத்தில் போடுகிறார்கள். இரண்டு நிஜ பிரேம்களுக்கு நடுவே ஒன்றை அது உருவாக்குகிறது. அதற்காக அடுத்த பிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 30 பிரேமில் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிசெகண்ட். எண்ணிக்கை கூடினாலும் மவுஸ் சேற்றில் நகர்வது போலத்தான் இருக்கும். 60-ஐத் தொட்ட பிறகு போட்டால் அருமை, அதுவும் 120, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில். பிராசசர் திணறும் இடத்திலும் கைகொடுக்கும், ஏனென்றால் நடுவில் வரும் பிரேமுக்குப் பிராசசர் மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை. ஆன்லைன் ஷூட்டர் ஆடுபவர்கள் மட்டும் அதை அணைத்தே வைக்கட்டும்.