விஆர் வான்சண்டையில் பின்னால் பார்க்க எந்த வழி நல்லது?

வான்சண்டையில் எதிரியை முதலில் பார்ப்பவரே பெரும்பாலும் முதலில் சுடுகிறார். ‘ஐஎல்-2’, ‘டிசிஎஸ் வேர்ல்டு’ போன்ற போர்விமானக் கணினி விளையாட்டுகளில் அந்த எதிரி வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் நம் வாலுக்குப் பின்னால், விமானிகள் ஆறு மணித் திசை என்று சொல்லும் இடம். அங்கே பார்க்கக் கழுத்தை எவ்வளவு திருப்ப வேண்டும், நாம் திருப்பியதை விளையாட்டு எத்தனை மடங்காக்கிக் காட்டலாம் என்பதில் மானிட்டரில் ஆடுபவர்களுக்கு நெடுங்காலமாக முழுச் சுதந்திரம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றிலும் விளையாட்டின் காட்சியையே காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலான விளையாட்டுகள் அதைத் தருவதில்லை. தர வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் தரும் முறையில் நல்லதும் இருக்கிறது, வயிற்றைப் புரட்டுவதும் இருக்கிறது.

மானிட்டர்க்காரர்களின் வழியை முதலில் பார்த்துவிடலாம். நேச்சுரல்பாயின்ட் நிறுவனத்தின், தலையசைவைக் கவனிக்கும் டிராக்ஐஆர் 5 கருவியில் மானிட்டரின் மேல் ஓர் அகச்சிவப்புக் கேமரா உட்கார்ந்திருக்கும். தொப்பியில் மாட்டிய கிளிப்பின் அசைவை அது விநாடிக்கு 120 முறை படம் பிடிக்கும். திரை எதிரே அசையாமல் இருப்பதால் கண் அதை விட்டு விலக முடியாது. ஆகவே தலை முப்பது பாகை திரும்புவதற்குள் விளையாட்டில் பார்வை வால்வரை போயாக வேண்டும். அதாவது ஆறு மடங்கு பெருக்கம். இடவலம், மேல்கீழ் என ஒவ்வோர் அச்சுக்கும், தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்ளலாம். நடுவில் அதைத் தட்டையாக வைத்தால், மூச்சு விடும்போது தலை லேசாக ஆடினாலும் குறிபார்க்கும் வளையம் நடுங்காது. ஓரங்களில் செங்குத்தாக ஏற்றினால் ஒரு சின்னத் திருப்பலில் தோளுக்குப் பின்னால் போய்விடலாம். ஓபன்டிராக் என்னும் இலவச மென்பொருள் வெறும் வெப்கேமராவை வைத்தே இதைச் செய்கிறது. டோபி ஐ டிராக்கர் 5 தலையோடு கண்ணையும் சேர்த்துக் கவனிக்கிறது. தலையில் எதையும் மாட்ட வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் சண்டையில் கண் அலைபாயும்போது காட்சியும் அலைபாய்வது எனக்கு ஒத்துவரவில்லை.

இந்தப் பெருக்கம் மானிட்டரில் யாருக்கும் பெரிதாகத் தலைசுற்றுவதில்லை. திரையைச் சுற்றி அறை இருக்கிறது. மேசையும் சுவரும் அசையாமல் நிற்கின்றன. மூளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. ஹெட்செட்டுக்குள் அந்தப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் டிராக்ஐஆரின் வளைகோட்டை அப்படியே விஆருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனை செல்லாது.

விஆரின் இயல்பான வழி ஒன்றுக்கு ஒன்று. தலை பத்துப் பாகை திரும்பினால் காட்சியும் பத்துப் பாகை. தலை திரும்பும்போது கண்கள் அதே அளவு எதிர்த்திசையில் திரும்பிக் காட்சியை நிலையாகப் பிடித்துக்கொள்கின்றன. உட்காதிலிருந்து கண்தசைகளுக்கு அந்தக் கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ 10 மில்லிவிநாடியே ஆகிறது. நாம் நினைத்துச் செய்வது அல்ல அது. அந்தக் கணக்கோடு காட்சி ஒத்துப்போகும்வரை காக்பிட் (விமானி அறை) நிஜமான இடமாக இருக்கிறது. எதிரி விமானத்தின் தூரம் கண்ணுக்கே தெரிகிறது; தரையிறங்கும்போது ஓடுதளம் எவ்வளவு கீழே என்று உடலே சொல்கிறது. பயணிகள் விமானமோ சிறுவிமானமோ ஓட்டுபவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2020 டிசம்பரில் விஆர் வந்தது. அதில் நிதானமாக ஊர் சுற்றுபவருக்குக் கழுத்து ஒரு பிரச்சினையே அல்ல.

சண்டையில்தான் இடிக்கிறது. ஆரோக்கியமான கழுத்து ஒரு பக்கம் ஏறத்தாழ 80 பாகை திரும்பும். வெறும் கண்ணோடு இருக்கும் மனிதருக்குக் கிடைமட்டப் பார்வை சுமார் 200 பாகை, அதாவது பக்கத்துக்கு 100. இரண்டையும் கூட்டினால் 180. தோளைக்கூடத் திருப்பாமலே வால் பக்கத்து அசைவு அவருடைய கடைக்கண்ணில் பட்டுவிடும். பெரும்பாலான ஹெட்செட்டுகள் காட்டுவதோ சுமார் 100 பாகை, பக்கத்துக்கு 50. எண்பதும் ஐம்பதும் 130. மீதி 50 பாகையை ஹெட்செட் விழுங்கிவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்றுதான் உண்மை, மற்றதெல்லாம் ஏமாற்று என்று வாதிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை நிஜமாக ஓட்டிய விமானிகள் ஓயாமல் கழுத்தைத் திருப்பியதில் காலர் உராய்ந்து புண்ணாகாமலிருக்கப் பட்டுத் துணி சுற்றிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் அரைக் கிலோ தொங்கவில்லை. குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம்; அதன் பெரும்பகுதி கழுத்தெலும்புக்கு வெகு முன்னால், முகத்தருகே இருக்கிறது. இழந்த 50 பாகையைத் திருப்பித் தருவது நியாயம்தான்.

அதைத் தர முதல் வழி சீரான பெருக்கம். தலையின் ஒவ்வொரு பாகையையும் இத்தனை மடங்காகக் காட்டுவது. கேட்க எளிமையாக இருக்கிறது, ஒரே ஓர் அளவுகோல் போதும். ஃபிராங்க் ஸ்டைனிக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். விஆரில் உடலைத் திருப்புபவருக்குத் தெரியாமலே காட்சியின் சுழற்சியை 0.67 மடங்கு முதல் 1.24 மடங்கு வரை மாற்றலாம் என்பது அவர்கள் கண்டது. அந்த உச்ச வரம்பையே எடுத்துக்கொண்டாலும் 80 பாகைக் கழுத்து 99 பாகை ஆகிறது. கிடைத்தது வெறும் 19. ஐம்பதையும் மீட்க வேண்டுமென்றால் 1.6 மடங்கைத் தாண்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு சிறு அசைவிலும் காக்பிட் வழுக்குகிறது. புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை நழுவுமே, அந்த உணர்வு கடும் வளைவில் திரும்பும் விமானத்துக்குள் வந்தால் குமட்டலில்தான் முடியும். நடுவில் ஒன்றுக்கு ஒன்றாக விட்டு ஓரத்தில் மட்டும் ஏற்றினாலும் கதை அதேதான். 40 பாகைவரை தொடாமல் விட்டால், மீதி 40 பாகைக்குள் 90 பாகையைத் திணிக்க வேண்டும். இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு வழி காட்சியை ஒரு படி சட்டென்று தாவவைப்பது. ‘விஆர்நெக்சேஃபர்’ என்ற சிறு மென்பொருளும், ஓபன்எக்ஸ்ஆர் என்னும் பொது விஆர் தரத்தில் இயங்கும் விளையாட்டுகளுக்கான ‘எக்ஸ்ஆர்நெக்சேஃபர்’ என்ற அதன் தம்பியும் இதற்காகவே எழுதப்பட்டவை. ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் காட்சி நாம் வைத்த அளவுக்குச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். பொத்தான் வேண்டாமென்றால் தலை குறிப்பிட்ட பாகையைத் தாண்டியதும் தானாகத் தாவச் செய்யலாம். இதில் கண்முன்னே ஓடும் சுழற்சியே இல்லை. ஒரு காட்சி போய் இன்னொன்று வந்துவிடுகிறது. தலைசுற்றலைக் கிளப்புவது அந்தத் தொடர் ஓட்டம்தான் என்பதால், 30 பாகைத் தாவலை வயிறு பொறுத்துக்கொள்கிறது, இரண்டு மடங்கு வழுக்கலைப் பொறுப்பதில்லை. தாவலுக்கு முன்னும் பின்னும் தலை ஒன்றுக்கு ஒன்றாகவே இயங்குவதால் குறிபார்ப்பும் கெடுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, காட்சி தாவும்போது தலையின் இடத்தையும் சற்றுப் பக்கவாட்டிலும் முன்னாலும் நகர்த்தித் தரும் வசதி. மெஸர்ஷ்மிட் 109 என்னும் ஜெர்மன் போர்விமானத்தில் விமானியின் தலைக்குப் பின்னால் கவசத் தகடு இருக்கிறது. வெறுமனே திரும்பினால் கண்முன் நிற்பது அந்தத் தகடுதான். கண்ணாடி ஓரமாகச் சாய்ந்தால்தான் வால் தெரியும். நாற்காலியில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தே உடம்பை முறுக்கிச் சாய்வதைவிட, தாவலோடு சேர்த்துச் சில சென்டிமீட்டர் நகர்த்தி வைத்துக்கொள்வது முதுகுக்கு எவ்வளவோ இதம்.

குறை இல்லாமல் இல்லை. தாவிய கணத்தில் திரையில் தெரியும் த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) ஓரிடம், கை பிடித்திருக்கும் நிஜ த்ராட்டில் வேறிடம். ஜாய்ஸ்டிக்கை விடாமல் பறப்பவருக்கு இது தெரியாது. கையால் காக்பிட் ஸ்விட்சுகளைத் தொட்டு இயக்குபவருக்கு நன்றாகவே தெரியும். தானியங்கித் தாவல், எல்லைப் பாகையில் தலை நிற்கும்போது இப்படியும் அப்படியும் துள்ளும். தாவும் பாகையும் திரும்பி வரும் பாகையும் ஒன்றாக இல்லாமல், பத்துப் பாகையாவது இடைவெளி விட்டால் அது அடங்கும்.

போர்விமானம் ஓட்டுபவருக்கு என் தேர்வு பொத்தானில் தாவல், அளவு 30 பாகை. கழுத்து 80, தாவல் 30, ஹெட்செட்டின் பாதிப் பார்வை 50 என்று கூட்டினால் 160. மீதி இருபதைத் தோளின் சிறு திருப்பம் பார்த்துக்கொள்ளும். எந்த வழியானாலும் இடவலத் திருப்பத்தை மட்டுமே தொட வேண்டும். மேல்கீழ் அசைவையும் சாய்வையும் பெருக்கினால், புவியீர்ப்பை உணரும் உட்காது உடனே எதிர்ப்புத் தெரிவிக்கும்.

கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், விபத்துக்குப் பின் கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் ஆகியோரின் நிலை வேறு. முப்பது பாகையே திரும்பும் ஒருவருக்கு ஒரு தாவல் போதாது; இரண்டு மூன்று படிகள் வேண்டும், சிலருக்குச் சீரான பெருக்கமேகூட வேண்டியிருக்கும். அவர்களை வெளி மென்பொருளைத் தேடி அலையவிடுவது சரியல்ல. அது விளையாட்டின் அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம். தாவும் பாகை, படியின் அளவு, பக்கவாட்டு நகர்வு, பெருக்க மடங்கு ஆகிய நான்கும் விளையாட்டின் சொந்த அமைப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதலில் நான்கும் அணைந்தே இருக்கட்டும், தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளலாம்.