சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அங்குள்ள பலாலி விமான நிலையம்தான் நல்ல வழி. சென்னையிலிருந்து பலாலி வான்வழியில் சுமார் 355 கிலோமீட்டர், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சுமார் 645. தூரம் ஏறக்குறையப் பாதி, ஆனால் நேரம் பாதியாவதில்லை. பலாலிக்குப் பறப்பது ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர்தான் வேகம். கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். அதனால் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கணக்குதான்.

இறங்கிய பிறகுதான் வித்தியாசமே. பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு அரை மணி நேரம் போதும். கட்டுநாயக்கவில் இறங்கினால், வானில் தெற்கே கடந்த தூரத்தைத் தரையில் வடக்கே திரும்பி ஏற வேண்டும். ஆறேழு மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு அது பெரிய அலைச்சல்.

கொழும்பிலும் வேலை இருந்தால் சரி, கட்டுநாயக்கவே வசதி. விமானங்களும் அங்கேதான் அதிகம்.