விசுவாசமா, கிரியையா: ரோமர் 4-உம் யாக்கோபு 2-உம்

மனிதன் கடவுள் முன் நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியையாலா (செயலாலா)? புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய ரோமர் நிருபம் (கடிதம்) விசுவாசத்தால் என்கிறது; யாக்கோபின் நிருபம் கிரியையாலும் என்கிறது. எதைப் பிடிப்பது என்று குழம்புபவர்கள் இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

சான்று: இருவருக்கும் ஆபிரகாம்தான்; அவர் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் 15:6-ஐ இருவருமே எடுக்கிறார்கள். விருத்தசேதனம் (சுன்னத்து) ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது, விசுவாசமே முந்தியது என்பது பவுலின் வாதம். யாக்கோபோ 22-ஆம் அதிகாரத்துக்கு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடத்துக்குப் போகிறார்.

கிரியை: பவுலின் பேச்சில் விருத்தசேதனம் முதலான நியாயப்பிரமாணக் (மோசேயின் சட்டக்) கிரியைகளே முன்னால் நிற்கின்றன. யாக்கோபு சொல்வது, உடையும் உணவும் இல்லாதவருக்குக் கொடுப்பதை. இதைக் கவனிக்காததால்தான் பாதிச் சண்டை. 1522-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர்கூட யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார், அவசரத் தீர்ப்பு.

பெருமை: பவுல் உடைப்பது "நான் செய்தேன்" என்பதை. யாக்கோபு உடைப்பது "நான் நம்புகிறேன்" என்பதை. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவே (2:19).

உபவாசக் கணக்கு வைத்துப் பிறரை எடைபோடுபவருக்கு ரோமர். பசித்தவரை வாழ்த்தி மட்டும் அனுப்புபவருக்கு யாக்கோபு.