வரைபடம் படிக்கப் பழக எது நல்லது: காகிதத் தலப்படமா, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பா?

புவியியல் படிப்பவர் வரைபடத்தோடு பழக இன்று மூன்று வழிகள் உண்டு. மேடுபள்ளம், ஆறு, சாலை எல்லாவற்றையும் காட்டும், அரசின் நில அளவைத் துறை அச்சிட்ட 1:50,000 தலப்படத்தை மேசையில் விரித்துப் படிக்கலாம். கூகுள் மை மேப்ஸில் குறிகளைப் போட்டுச் சொந்தமாக ஒரு படம் தயாரிக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ந்து, உலகமே பயன்படுத்தும் வரைபடத்தில் கைவைத்து வரையலாம். மூன்றும் ஒரே திறமையைத்தான் கற்றுத்தருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

தலப்படத்தின் முதல் பலம், அதன் அளவுகோல் மாறாது என்பது. தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ., எந்த மூலையிலும் அதுதான். ஆற்றின் வளைவுகள்மேல் ஒரு நூலைப் படியவைத்து எடுத்தால் அதன் நீளம் தெரிந்துவிடும். திரையில் பெரிதாக்கியும் சுருக்கியும் பார்ப்பவருக்கு இந்தத் தூர உணர்வு எளிதில் வராது. போதாக்குறைக்கு, இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை, உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் வெப் மெர்கேட்டர் முறையில் அமைந்தவை. ஒரே ஜூமில், நிலநடுக்கோட்டில் 100 மீட்டரைக் காட்டும் அதே நீளம் 60 டிகிரி அட்சரேகையில் 50 மீட்டரைத்தான் காட்டும்.

இரண்டாவது பலம், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள். கோடுகள் கூர்முனையாக வளையும் ஓர் இடத்தைப் பாருங்கள். முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. தாழ்வான பக்கத்தை நோக்கினால் மலையிலிருந்து நீண்டு இறங்கும் மேடு. எந்தப் பக்கம் உயரம் என்பதைக் கோட்டின்மேல் உள்ள எண்தான் சொல்லும். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டின் விளிம்பை வைத்து, அது வெட்டும் கோடுகளையெல்லாம் குறித்து, கிராஃப் தாளில் உயரத்தோடு ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்திலிருந்து மற்றது தெரியுமா, நடுவில் மேடு மறைக்கிறதா என்பது புரிந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மை மேப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களப்பணியில் எடுத்த படங்களையும் குறிப்புகளையும் இடத்தோடு சேர்த்துக் காட்ட அது வசதி. ஆனால் அடியில் இருக்கும் வரைபடம் வேறு யாரோ செய்து வைத்தது. அதன்மேல் குறி போடுவதால் வரைபடம் படிக்க வந்துவிடாது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் கதையே வேறு. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி வரையலாம். செயற்கைக்கோள் படத்தில் ஒரு மண்நிறக் கீற்று தெரிகிறது. அது வயலுக்குப் போகும் தடமா, வீடுகளுக்கு நடுவே போகும் தெருவா, ஊர்களை இணைக்கும் சிறு சாலையா? மூன்றுக்கும் தனித்தனிக் குறிச்சொல் உண்டு: டிராக், ரெசிடென்ஷியல், அன்கிளாசிஃபைடு. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் யாரோ எடுத்த முடிவு என்பது அந்த இடத்தில்தான் உறைக்கும். தலப்படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தப் புரிதல் இவ்வளவு அழுத்தமாக வராது.

இந்த உழைப்பு யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தன்னார்வலர்கள் தொலைவில் இருந்தபடியே போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. கூகுளும் 2008-ல் மேப் மேக்கர் என்று ஒன்றைத் தொடங்கி மக்களை வரைய விட்டது, 2017-ல் மூடிவிட்டது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவையோ, திறந்த உரிமத்தின்கீழ் யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். என் மனம் அந்தப் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம்.

குறைகளும் உண்டு. அதன் தரவில் சம உயரக் கோடுகள் கிடையாது. அதன் தரவை வைத்துச் செய்த ஓபன்டோபோமேப் என்ற இணைய வரைபடத்தில் தெரியும் கோடுகள், 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உயரத் தரவிலிருந்து வருபவை. அப்புறம், ஆர்வலர்கள் அதிகம் உள்ள இடத்தில் மரம்வரை குறித்திருப்பார்கள். இல்லாத இடத்தில் ஊரே இருக்காது. வெற்றிடத்தைப் பார்த்து அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அளவைத் துறையின் தாளில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. ஆனால் அதன் ஓரத்தில் அச்சான அளவை ஆண்டோடு தாள் நின்றுவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரலாறு உண்டு: எந்தக் கணக்கிலிருந்து, எப்போது, எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம்.

சரி, எதை முதலில் எடுப்பது? தலப்படத்தைத்தான். காரணம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே இருக்கிறது. அங்கே ஓடையை வரையும்போது நீர் ஓடும் திசையில்தான் கோட்டை இழுக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் அந்தத் திசையைப் பல நேரம் காட்டாது. சம உயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். கோடுகள் பழகியதும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் தொடங்கலாம். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி உள்ளவற்றைப் பற்றி, இந்தச் சாலை தாரா மண்ணா என்பது போன்ற கேள்விகளை அது கேட்கும்; பதில் நேராக வரைபடத்தில் சேரும். அதன் பிறகு உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டர். கற்பனையாக ஒரு தெருவை அதில் வரைந்து பழக வேண்டாம். சேமித்ததுமே அது எல்லோரும் பயன்படுத்தும் தரவில் போய்ச் சேர்ந்துவிடும்.