கிரேக்க எழுத்து வீடா, கூட்டுறவு வீடா? பெர்க்லியில் ஓர் அலசல்

அக்கா மகளுக்குக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வாரமே வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. "சித்தி, சொராரிட்டில சேரலாம்னு இருக்கேன், அம்மாகிட்ட நீங்களே பேசுங்க" என்றாள். அக்காவோ, "அது குடிச்சிட்டுக் கூத்தடிக்கிற இடம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். இரண்டு பேர் பக்கமும் பாதி நியாயம் இருந்ததால் நான் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுக்கு ஃப்ரடெர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. 1776 இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ரகசியச் சங்கமாகத் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இதற்கெல்லாம் மூதாதை. அது இன்று நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாகிவிட்டது. மற்றவை உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் பெரிய பெரிய வீடுகளாக வளர்ந்தன.

பெர்க்லியில் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். பீட்மான்ட் அவென்யூ பக்கம் போனால் வாசலில் கிரேக்க எழுத்து மாட்டிய வீடுகள். நடக்கும் தூரத்திலேயே மாணவர் கூட்டுறவுச் சங்கத்தின் வீடுகள். 1933 இல், பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், கையில் காசில்லாத 14 மாணவர்கள் ஒன்றுசேர்ந்து ஆரம்பித்தது அது. இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்குகிறார்கள்.

முதல் வித்தியாசம், உள்ளே போகும் வழி. சொராரிட்டிக்கு ‘ரஷ்’ என்று ஒரு சடங்கு. பெண் பார்க்கும் படலத்தைச் சில நாட்களுக்குள், பல வீடுகளில், சிரித்த முகம் மாறாமல் நடத்தினால் எப்படியிருக்கும், அதுதான் ரஷ். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு அடுத்த வீடு. யாரை மறுபடி கூப்பிடலாம் என்று அந்தந்த வீட்டு உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறையும். கடைசியில் இவள் போட்ட வரிசையையும் அவர்கள் போட்ட வரிசையையும் வைத்துப் பொருத்தம் பார்த்து ‘பிட்’ என்ற அழைப்பு வரும். பொருத்தம் என்பதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய ஆல்வின் ராத், 1991 இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து இந்த முறையை ஆராய்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார்.

பெண் பார்க்கும் இடத்தில் என்னவெல்லாம் பார்க்கப்படுமோ அதெல்லாம் இங்கும் உண்டு. 2013 இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இல்லாத ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சொராரிட்டிகள் தட்டிக்கழித்ததை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. உள்ளே இருந்த பெண்களில் பலருக்கு அவளைச் சேர்க்க விருப்பம்தான், தடுத்தது பழைய உறுப்பினர்கள் என்று செய்தி வந்தது.

கூட்டுறவு வீட்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. விண்ணப்பம், காத்திருப்போர் பட்டியல், வசதி குறைந்தவர்களுக்கு முன்னுரிமை. அவ்வளவுதான். யார் பக்கத்து அறைக்கு வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. இது நல்லதா கெட்டதா என்பது பக்கத்து அறைக்காரரைப் பொறுத்தது!

நாங்கள் ஒரு கூட்டுறவு வீட்டின் சமையலறையைப் பார்த்தோம். கல்யாண மண்டபத்து அண்டா மாதிரி ஒரு பாத்திரம். அதற்குள் தோள்வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் வேலைப் பட்டியல்: யார் எந்த நாள் சமையல், யார் கழிவறை. வாரத்துக்கு 5 மணி நேரம் ஒவ்வொருவரும் உழைக்க வேண்டும், டிமிக்கி கொடுத்தால் அபராதம். அதனால்தான் அறைக் கட்டணம் குறைவு. வீட்டு விவகாரங்களை அங்கே தங்கியிருப்பவர்களே கூட்டம் போட்டு, வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். நிறைய பேர் புழங்கும் சமையலறை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொராரிட்டி வீடு கண்ணுக்கு அழகு. சமையலுக்கு ஆள் வைத்திருப்பார்கள். ஆனால் சந்தா, சேர்க்கைக் கட்டணம், டி-ஷர்ட், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி உடை என்று பர்ஸ் மூடவே மூடாது. எனக்கு உறுத்தியது வேறு. பெரிய சொராரிட்டிகளின் தேசியத் தலைமைகள் வீட்டுக்குள் மதுவை அனுமதிப்பதில்லை. கேட்க நல்ல விதி. நடப்பில் என்ன ஆகிறது? பார்ட்டி எல்லாம் ஆண்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. கதவு யாருக்குத் திறக்கும், டம்ளரில் என்ன ஊற்றுவார்கள், விளக்கு எப்போது அணையும் எல்லாம் அவர்கள் கையில். அக்காவின் பயத்துக்கு அர்த்தம் இருப்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம் ஹேஸிங். நம் ஊர் ராகிங்தான், ஆனால் ராகிங்கில் தப்பிக்க வழியில்லாமல் மாட்டுகிறோம், இங்கே சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் தாங்களே தலையைக் கொடுக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரடெர்னிட்டியில் சேர வந்த 19 வயது மாணவர் ஒருவருக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டது. மாடிப்படியில் விழுந்தார். சுமார் 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இறந்துபோனார். 2024 டிசம்பரில் வந்த கூட்டரசுச் சட்டப்படி, எந்தச் சங்கம் ஹேஸிங்கில் சிக்கியது என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். பிள்ளை சேருமுன் அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிடுங்கள்.

"ஆனா நெட்வொர்க் கிடைக்குமே சித்தி?" கிடைக்கும். எவ்வளவு என்பதில்தான் குழப்பம். வடகிழக்குக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை ஆராய்ந்தவர்கள், ஃப்ரடெர்னிட்டியில் சேர்வதால் 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண் 0.25 போலக் குறைகிறது, பிற்கால வருமானமோ 36% அளவுக்குக் கூடுகிறது என்று 2018 இல் எழுதினார்கள். வேறொரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்ட இன்னொரு ஆய்வில், மதிப்பெண் குறைவது உறுதியானது, வருமான லாபம் தென்படவில்லை. மதிப்பெண் அடிவாங்கும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. சம்பளத்தை நம்பிச் சேர்வதாக இருந்தால் நான் சேர மாட்டேன்.

நெட்வொர்க் என்ற சொல்லுக்கு உண்மையான பொருளைக் காட்டுபவை கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்கள். 1906 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினர். 1908 இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் கமலா ஹாரிஸ். பெரிய மாளிகைகள் பெரும்பாலும் கிடையாது. பட்டம் வாங்கிய பிறகும் ஊர் ஊராகக் கிளைகள், சமூக வேலை, சாகும்வரை உறுப்பினர். கதவு சாத்தப்பட்டவர்கள் தாங்களே கட்டிக்கொண்டது என்பதால் அதன் பிடி வேறு மாதிரி.

தெற்காசியப் பிள்ளைகளும் இதே வழியில் போயிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டனில் 1994 இல் அயோட்டா நூ டெல்டா என்ற ஃப்ரடெர்னிட்டி, ஹூஸ்டனில் 1998 இல் டெல்டா ஃபை ஒமேகா என்ற சொராரிட்டி. சிறிய கூட்டம், முகம் தெரிந்த வட்டம். செலவு, முழு உறுப்பினராகும் முன் வரும் பயிற்சிக்காலத்தின் நெருக்கடி இரண்டிலும் கவனம் இங்கும் தேவை, நம்மவர்கள் என்பதால் ஹேஸிங் வராது என்று நினைக்க வேண்டாம். ஆண் பெண் இருபாலாரும் சேரும் ஆல்ஃபா ஃபை ஒமேகா போன்ற சேவைச் சங்கங்களில் இந்தத் தலைவலி குறைவு, தங்க வீடும் கிடையாது.

அக்கா மகள் கூட்டுறவு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். ரஷ்ஷை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஹேஸிங்கைப் பற்றி, மதுவைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"இங்க குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சதில்ல. அங்க போய் ஊரார் அண்டாவைத் தேய்க்கப் போறாளாமா?" என்றாள்.