விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கா, மெம்டெஸ்ட்86-ஆ?

நீலத் திரை அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். அதைச் சோதிக்கத்தான் இந்த இரண்டு கருவிகளும்.

விண்டோஸோடு வரும் டயக்னாஸ்டிக்குக்கு எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் தேடி ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஓடும்போது எஃப்1 தட்டி 'எக்ஸ்டெண்டட்' போடுங்கள். பிழை காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் ரேம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மெம்டெஸ்ட்86-க்கு ஒரு பென்டிரைவ் வேண்டும், அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். 16 ஜிபி ரேமுக்கே பல மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். பிழை வந்தால் எந்த முகவரியில், என்ன எழுதி என்ன திரும்பியது என்பதுவரை காட்டும். எக்ஸ்எம்பி (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆனில் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை போய்விட்டால் கோளாறு அந்த வேகத்தில். புது ரேம் வாங்கும் செலவு மிச்சம்! போகவில்லையா? ஒரே ரேம் ஸ்டிக்கை மட்டும் வைத்து, ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் போச்சு, ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு.

அவசரத்துக்கு முதலாவது. வாரக்கணக்கில் தொல்லை தரும் கம்ப்யூட்டர் என்றால் நான் நேராக மெம்டெஸ்டுக்கே போவேன்.