சென்சரி சாஃப்ட் ப்ளே செட்டுன்னு 42,000 ரூபா வாங்கிட்டு தெர்மாகோல் குப்பைய அனுப்பிட்டாங்க, அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி இத படிங்க

கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன். ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளை இருக்கற வீட்ல யாராவது இப்ப சாஃப்ட் ப்ளே செட் (ஃபோம் வச்சு செஞ்ச படி, சறுக்கு, மெத்தைன்னு பிள்ளைங்க ஏறி குதிக்கற சாமான்) வாங்கற யோசனைல இருந்தா முழுசா படிச்சுட்டு அப்புறம் பணம் அனுப்புங்க.

என் பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம். சோபா மேல ஏறுவான், தரையில குதிப்பான், மறுபடி ஏறுவான், ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ. செவுத்துல போய் தோள மோதுவான், ரெண்டு மெத்தைக்கு நடுவுல புகுந்து படுத்துப்பான். முன்னாடி நான் இத சேட்டைன்னு நெனச்சு அடிச்சுகூட இருக்கேன், இப்ப நெனச்சா வயிறு எரியுது. அவனுக்கு தெரபி குடுக்கற ஓடி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) மேடம்தான் புரிய வச்சாங்க, நம்ம கை கால் எங்க இருக்குன்னு தசையும் மூட்டும் மூளைக்கு சொல்லிட்டே இருக்குமாம், அந்த சேதி இவனுக்கு பத்தல, அதான் அழுத்தத்த அவனே தேடிப்போறான், குதிக்க விடுங்க ஆனா அடிபடாம குதிக்க ஒரு எடம் பண்ணுங்கன்னாங்க. வாரத்துல ரெண்டு நாள் தெரபி சென்டர்ல கெடைக்கறது போதாது, வீட்லயும் ஒரு மூலை இருந்தா நல்லதுன்னு சொன்னதாலதான் தேட ஆரம்பிச்சேன்.

இன்ஸ்டால ஒரு ரீல்ஸ். கலர் கலரா படிக்கட்டு, சறுக்கு, பால் பிட் (பிளாஸ்டிக் பந்து நெறச்ச தொட்டி), ஊஞ்சல், அதுல பிள்ளைங்க சிரிச்சுட்டு குதிக்குதுங்க. மெசேஜ் போட்ட அஞ்சு நிமிஷத்துல போன் வந்துருச்சு. அந்த ஆளு ரொம்ப பொறுமையா பேசினார், பையனுக்கு என்ன பிரச்சனை, தூங்கறானா, பேசறானான்னு எல்லாம் கேட்டார், "எங்க சொந்தத்துலயும் இப்படி ஒரு கொழந்த இருக்கு சிஸ்டர், உங்களுக்கு லாபம் பாக்காம பண்றேன்"னார். நான் அங்கதான் விழுந்தேன். நம்ம பிள்ளைய பத்தி வெளியாள் ஒருத்தர் அக்கறையா கேட்டாலே நமக்கு மனசு எளகிரும், அத நல்லா தெரிஞ்சு வச்சுருக்காங்க.

40 டென்சிட்டி ஃபோம், வாசனை வராத ரெக்சின், ஐஎஸ்ஐ இருக்கு, 500 பால், 4 அடிக்கு 4 அடி 8 இன்ச் க்ராஷ் மேட் (குதிச்சு விழற மெத்தை), படி, சறுக்கு, ப்ளாட்ஃபார்ம் ஸ்விங், எல்லாம் சேத்து 42,000. பாதி அட்வான்ஸ், மீதி அனுப்பறதுக்கு முன்னாடி. எல்லாம் ஜிபேல. வீட்டுக்காரர் ஒரு தடவ வீடியோ கால்ல பட்டறைய காட்ட சொல்லுன்னார், "லைட் சரியில்ல சிஸ்டர், நாளைக்கு காட்றேன்"னு ரெண்டு தடவ தள்ளினாங்க, நானும் விட்டுட்டேன். மூணு வாரம்னு சொன்னது ஒம்பது வாரம் ஆச்சு. மீதி பணம் போட்டாதான் லாரில ஏத்துவேன்னதும் போட்டேன். பார்சல் ஆபிஸ்ல போய் பாத்தா டூ-பே, அதாவது லாரி வாடகைய வாங்கறவங்களே கட்டணும், அதுக்கு தனியா 2,800.

பிரிச்சதும் மொதல்ல வந்தது நாத்தம். பெயிண்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வீச்சம், நமக்கே தலவலி. என் பையனுக்கு வாசன ரொம்ப ஒத்துக்காது, மூக்க பொத்திட்டு அழுதான், நாலு நாள் அந்த ரூம் பக்கமே வரல. பால் பிட்டுக்கு வந்த பால நானும் பொண்ணும் உக்காந்து எண்ணினோம், 212. கீழ ஒரு அடுக்கு பரவுச்சு, அவ்ளோதான். அப்புறம்தான் கணக்கு போட்டு பாத்தேன், அந்த பிட்டோட சைஸுக்கு 7 சென்டிமீட்டர் பால் ஒரு அடி ஒசரம் நெறயணும்னா ஆயிரம் பால் கிட்ட வேணும். அதாவது அவங்க சொன்ன 500 வந்திருந்தாலே பாதிதான். உள்ள எறங்குனா ஒடம்ப சுத்தி அழுத்தணும், அதுக்குதான் பால் பிட்டே. வந்த பாலும் ரொம்ப மெல்லிசு, பையன் ஒக்காந்ததும் நசுங்கி ஒட்டு பிரிஞ்சு ஓரம் பிளேடு மாதிரி நிக்குது.

படிக்கட்டுக்கு அடியில வழுக்காம இருக்க எதுவுமே இல்ல, வெறும் ரெக்சின். நம்ம வீடெல்லாம் வழவழ டைல்ஸ். ஒரு பீஸையும் இன்னொரு பீஸையும் பிடிக்க விரல் நீளத்துக்கு வெல்க்ரோ, அதுவும் பசையில ஒட்டினது, தைக்கல. ரெண்டாவது நாளே கழண்டு வந்துருச்சு.

அஞ்சாவது நாள் நாத்தம் கொஞ்சம் கொறஞ்சதும் அவனே வந்தான். படி மேல ஏறி க்ராஷ் மேட்ல குதிச்சான். கால் வச்ச படி பின்னாடி நழுவிருச்சு, அவன் மொழங்கால் மேட்ல பட்டு டொக்குன்னு ஒரு சத்தம். மெத்தையில விழுந்தா அந்த சத்தம் வராது. உள்ள ஏதோ கட்டியா இருந்திருக்கு. மொழங்கால் வீங்கிருச்சு, எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புக்கு ஒண்ணுமில்ல, அந்த மட்டுக்கும் கடவுள் புண்ணியம். அன்னைக்கு சாயங்காலம் பொண்ணு கத்தறா, "அம்மா தம்பி வாயில என்னமோ வச்சிருக்கான்". மேட் தையல் ஓரத்துல இருந்து ஜவ்வரிசி மாதிரி வெள்ள உருண்டை கொட்டுது, அத பொறுக்கி வாயில போட்டு வச்சிருந்தான். இவன மாதிரி கைல கெடைச்சதெல்லாம் வாயில வைக்கற பிள்ளைங்க நெறய, அது மூச்சுக்குழாய்ல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இன்னும் கை நடுங்குது.

மறுநாள் அந்த மேட்ட ஆட்டோல போட்டு தெருமுனை குஷன் கடை பாய்கிட்ட கொண்டு போனேன். அவர் பிரிச்சுக்கூட பாக்கல, ஒரு கையால தூக்கி பாத்துட்டே, "ஏம்மா இது ஃபோமே இல்ல"ன்னார். பக்கத்து பழைய பேப்பர் கடை தராசுல வச்சோம், 6 கிலோ 300. இந்த சைஸுக்கு நெசமான 40 டென்சிட்டின்னா ஃபோம் மட்டுமே 12 கிலோ வரணும்மான்னார். டென்சிட்டின்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோன்னுதான் அர்த்தம், அதனால நீளம் அகலம் ஒசரம் தெரிஞ்சா வீட்லயே கணக்கு பாத்துரலாம். எனக்கு இது மொதல்லயே தெரியாம போச்சு. அப்புறம் பிளேடால தையல பிரிச்சார். டிவி பெட்டிக்குள்ள வருமே அந்த தெர்மாகோல் ஒடச்சு போட்டது, பார்சல் சுத்தற வெள்ள ஷீட் கிழிசல், ரெக்சின் வெட்டு துண்டு, நடுவுல அட்டைக் குழாய் ஒண்ணு. என் பையன் மொழங்கால் பட்டது அதுலதான். மேலாப்புல மட்டும் ஒரு இன்ச் ஃபோம், நம்ம கையால அமுக்கி பாத்தா மெத்துனு இருக்கணும்ல, அதுக்கு.

ஒண்ணு சொல்லிடறேன், க்ராஷ் பேடுக்குள்ள ஃபோம் துண்டு போடறது தப்பில்ல, தெரபி சென்டர்ல இருக்கற பெரிய பேடுல பலதுலயும் துண்டு ஃபோம்தான் இருக்கும், விழுந்தா நல்லா உள்வாங்கும். ஆனா அது ஃபோம். குப்பை இல்ல.

ஊஞ்சல நல்லவேளையா மாட்டல. அவங்க அனுப்பின ஹூக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் பாத்துட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி "அக்கா இது படம் மாட்ற சாமான், ஃபேன் கூட சும்மா தொங்கற வெயிட்டு, இது ஆடற வெயிட்டு, கான்க்ரீட்ல ஆங்கர் போல்ட் போடாம மாட்டவே மாட்டேன்"னு போயிட்டான். அந்த தம்பிக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பினேன். மொத நாள் "செக் பண்றேன் மேடம்", சிஸ்டர் போயிருச்சு. ரெண்டாவது நாள் "பையன் ரஃபா யூஸ் பண்ணிட்டான், அதுக்கு நாங்க பொறுப்பில்ல". சென்சரி பிள்ளைக்குன்னு விக்கற சாமான சென்சரி பிள்ளை ரஃபா யூஸ் பண்ணிட்டானாம். மூணாவது நாள் பிளாக். ஸ்டிக்கர்ல ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ ஒரு லைசென்ஸ் நம்பர் இருந்துச்சு, ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சு பாத்தா அது வேற ஊர்ல பிளாஸ்டிக் பொம்ம செய்யற வேற கம்பெனி. 14 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களோட பொம்மைக்கு 2021 ஜனவரில இருந்து ஐஎஸ்ஐ கட்டாயம், அதனால முத்திரை இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பர வாங்கி அந்த ஆப்ல போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. நான் பணம் போட்ட பிறகு பாத்தேன்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் குடுத்தேன், தமிழ்லயே பேசினாங்க, ஆனா அந்தப் பக்கம் பதிலே வரல. இப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்ருக்கோம். 2019 சட்டத்துல நம்ம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில் குடுக்காததுதான் எங்களுக்கு பெரிய தலவலி, வாட்ஸ்அப் சாட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் லாரி ரசீதும்தான் ஆதாரம். நல்லவேளை எதையும் அழிக்கல.

வாங்கறவங்க, கவருக்கு ஜிப் வேணும்னு கேளுங்க. தெறந்து பாக்க முடியாம சுத்தி தச்சு மூடின எதையும் வாங்காதீங்க. முழுப்பணம் முன்னாடியே கேட்டா விட்டுருங்க. நேர்ல போக முடியலன்னா அந்த ஊர்ல ஒருத்தர அனுப்பி வெயிட் போட்டு பாக்க சொல்லுங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஓடிகிட்ட லிஸ்ட்ட காட்டுங்க, நான் காட்டாம சர்ப்ரைஸா வாங்கினேன், அவங்க பாத்திருந்தா ஆறு வயசு பையன் குதிக்க இது தாங்காதுன்னு அப்பவே சொல்லியிருப்பாங்க. கைல காசு இல்லாதவங்க கடன் வாங்கி இதெல்லாம் வாங்கணும்னு இல்ல, மாவட்ட அரசு ஆஸ்பத்திரில டிஇஐசின்னு (பிள்ளைங்க வளர்ச்சிக் கொறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு பாக்கற மையம்) கேளுங்க, பிள்ளைங்களுக்கு தெரபி ஃப்ரீ.

கடைசில பாயே ஒரு மேட் தச்சு குடுத்தார், அடியில ரெண்டு இன்ச் ரீபாண்டட் (துண்டு ஃபோம அழுத்தி ஒட்டினது), மேல ஆறு இன்ச் 32 டென்சிட்டி, அடிப்பக்கம் வழுக்காத துணி, 9,500 ஆச்சு. ஒவ்வொரு ஷீட்டையும் என் கண் முன்னாடி வச்சு கவர் மாட்டினார். ரெக்சின் வேணாம் பையனுக்கு வாசன ஆகாதுன்னு சொன்னதும் கேன்வாஸ்ல தச்சு, ரெண்டு தடவ தொவச்சு காயப்போட்டுதான் குடுத்தார்.

பழைய சாமான் மொத்தமும் மொட்ட மாடில தார்ப்பாய் போட்டு கெடக்கு, கேஸ் முடியற வரைக்கும் தூக்கிப்போடக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார். புது மேட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. பையன் மொதல்ல தலையணைய தூக்கி அது மேல போடறான், சத்தம் வருதான்னு நின்னு கேக்கறான், அப்புறம் கையால அமுக்கி பாத்துட்டு மெதுவா ஒக்காறான். நேத்து குட்டி முக்காலில இருந்து ஒரு தடவ குதிச்சான். சோபால இருந்து இன்னும் குதிக்கல.